தோளை இறக்குங்க... டென்ஷன் இறங்கும்!

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் எளிய பயிற்சிகள்

செமஸ்டர் டைம்டேபிள் வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று நாங்களே சொல்லிவிடுகிறோம்.

காலையில் வைத்த இட்லி மதியம் வரை தட்டிலேயே இருக்கும். "பசிக்கலைம்மா..." என்பான் பையன். கிளம்புவதற்குள் மூன்று தடவை பாத்ரூம். "தலை வலிக்குது, கழுத்தைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்பாள் பெண். ராத்திரி 2 மணிக்கும் லைட் எரியும். ஆனால், புத்தகம் 10 மணிக்குத் திறந்த அதே பக்கத்தில் இருக்கும். "என்னப்பா, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டால் போதும்... எரிந்து விழுவார்கள். கடைசியில் கண்ணெல்லாம் கலங்க, "படிச்சதெல்லாம் மறந்து போச்சு!"

அம்மா உடனே உப்பு, மிளகாய் எடுத்து திருஷ்டி சுற்றுவார். அப்பா, "முதல்லேர்ந்து ஒழுங்கா படிச்சிருந்தா இந்த அவஸ்தை வருமா?" என்பார். பக்கத்து வீட்டு மாமா முதுகில் தட்டி, "டென்ஷன் ஆகாதேடா, ரிலாக்ஸ்!" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ரிலாக்ஸ்! சொல்வது ரொம்ப சுலபம். ஆனால், எப்படி ரிலாக்ஸ் ஆவது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறோமா? சைக்கிள் ஓட்டப் பழக்கினோம். நீச்சல் கற்றுக் கொடுத்தோம். உடம்பைத் தளர்த்துவதும் அதே மாதிரி பழகி வரவேண்டிய ஒரு திறமைதான். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியுமா? பரீட்சை ஹால் வாசலில் நின்றுகொண்டு ரிலாக்ஸ் ஆகக் கற்றுக்கொள்ளவும் முடியாது. அமைதியான நாட்களில் பழகினால்தான் அவசரத்துக்கு உதவும்.

பரீட்சை புலி இல்லை... உடம்புக்கு அது தெரியாதே!

காட்டில் புலி எதிரே வந்து நிற்கிறது. என்ன செய்வீர்கள்? ஒன்று, எதிர்த்து நிற்க வேண்டும். இல்லையென்றால் ஓட வேண்டும். இரண்டுக்குமே உடம்பு தயாராக வேண்டும். உடனே அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கை, கால், தோள், தாடைத் தசைகள் முறுக்கேறுகின்றன. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து, தசைகளுக்குப் பாய்கிறது. புலி எதிரே நிற்கும்போது இட்லி ஜீரணமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன! இந்த 'மோது அல்லது ஓடு' ஏற்பாட்டை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேனன் 1915-ல் விளக்கினார்.

தொல்லை என்னவென்றால், எதிரே இருப்பது புலியா, இன்ஜினீயரிங் மேத்ஸ் கேள்வித்தாளா என்று உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. பயம் என்று மூளை மணியடித்தால் போதும், அதே ஏற்பாடுதான். அந்தப் பசியின்மை, வயிற்றுக் கலக்கல், கழுத்து வலி எல்லாம் இதனால்தான். நடிப்பும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை.

புலியாவது இரண்டு நிமிடத்தில் போய்விடும். கல்லூரிப் பிள்ளையின் கவலைகள் அப்படியா? இன்டர்னல் மார்க், இரண்டு அரியர், கேம்பஸ் இன்டர்வியூ, அப்பா வாங்கிய கல்விக்கடன், ஹாஸ்டலில் ஒத்துப்போகாத ரூம்மேட்... இந்தப் புலிகள் மாதக்கணக்கில் வாசலிலேயே படுத்திருக்கின்றன. உடம்பும் முறுக்கிக்கொண்டே கிடக்கிறது.

இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கம்பியில் அளவான பாரம் தொங்கவிட்டால் கொஞ்சம் நீளும். எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வரும். பாரத்தை எடுக்காமலே விட்டு, மேலே மேலே ஏற்றினால்? ஒரு கட்டத்துக்கு மேல் பழைய நிலைக்குத் திரும்பாது. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லே பொருள்களின் பலம் பற்றிய பாடத்தில் இருந்த சொல்தான். கனடாவில் மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே, 1936-ல் வெளியிட்ட தன் கண்டுபிடிப்புக்குப் பிற்பாடு அந்தப் பெயரைச் சூட்டிப் பிரபலமாக்கினார்.

ஒன்றைக் கவனியுங்கள். கொஞ்சம் டென்ஷன் நல்லதுதான். அதுகூட இல்லையென்றால் புத்தகத்தையே எடுக்க மாட்டோம்! பாரமே கூடாது என்பதில்லை. தினமும் சிறிது நேரமாவது பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதல் பாடம்: மூச்சு

இதயத்தை 'மெதுவா அடி' என்று அதட்ட முடியாது. வயிற்றை 'கலக்காதே' என்று கெஞ்ச முடியாது. ஆனால், தானாகவும் நடக்கிற, நாம் சொன்னாலும் கேட்கிற ஒரு வேலை நம் உடம்பில் உண்டு. அதுதான் மூச்சு.

ஒரு சின்ன சோதனை. இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடி பாருங்கள். இப்போது மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள்... நாடி சற்று வேகமாகும். மெதுவாக வெளியே விடுங்கள்... நாடி நிதானமாகும். சின்ன வயசுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக் போடுகிறது. ஆகவே, வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கில் கால் அதிக நேரம் இருக்கும். ரகசியம் அவ்வளவுதான்.

செய்முறை இதோ:

1. நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். பெல்ட், இறுக்கமான உடை இருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில்.

2. மூக்கு வழியாக, மனசுக்குள் 4 வரை எண்ணி மூச்சை இழுங்கள். வயிற்றில் வைத்த கை உயர வேண்டும். நெஞ்சில் வைத்த கை அதிகம் அசையக்கூடாது.

3. நிறுத்தாமல், 6 வரை எண்ணி மெதுவாக வெளியே விடுங்கள். சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்தும் விடலாம்.

4. இப்படி 5 நிமிடம். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். சும்மா இருக்கும்போது சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20 வரை.

"நல்லா ஆழமா இழுடா" என்று சொன்னதும் சிலர் தம் கட்டி, வேக வேகமாக இழுப்பார்கள். அது தப்பு. உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, தலை கிறுகிறுக்கும். உதடும் விரலும் மரத்தாற்போல் ஆகும். அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணுவதை நிறுத்தி, வழக்கம்போல் மூச்சு விட்டால் சரியாகிவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் மூச்சுப் பயிற்சி செய்யவைத்துப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பல வகைப் பயிற்சிகளில், பெருமூச்சு விடுவது போல வெளிமூச்சை நீட்டிய முறைதான் மனநிலையைச் சீராக்குவதில் முன்னால் நின்றது. 'அப்பாடா...' என்று பாட்டி பெருமூச்சு விட்டு உட்காருவதில் விஷயம் இருக்கிறது!

இரண்டாம் பாடம்: இறுக்கு... விடு!

இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் தோள் எங்கே இருக்கிறது? கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். இறங்குகிறதா? அப்படியானால், இத்தனை நேரமும் தூக்கித்தான் வைத்திருந்தீர்கள்! பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? புருவம் சுருங்கியிருக்கிறதா? தசை இறுகியிருப்பது நமக்கே தெரியாது. தெரியாததைத் தளர்த்துவது எப்படி?

இதற்கு வழி கண்டவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர். தசை தளர்ந்தால் மனசும் தளரும் என்று சொல்லி, 1929-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஒவ்வொரு தசையாக இறுக்கி, உடனே விட்டு, அந்த வித்தியாசத்தை உணர வைப்பது அவர் முறை. அவர் மாதக்கணக்கில் பழக்கினார். பின்னால் வந்த மனநல மருத்துவர்கள் சுருக்கித் தந்ததால் இன்று 15 நிமிடத்தில் செய்யலாம்.

பாயில் படுத்தோ, சாய்ந்து உட்கார்ந்தோ ஆரம்பியுங்கள். ஒவ்வொரு இடத்தையும் 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடி சும்மா இருங்கள். அந்த 20 விநாடிதான் முக்கியம். முழு பலத்தையும் காட்ட வேண்டாம், முக்கால் பலம் போதும்.

• கைகள்: வலது கையை முஷ்டியாக மடக்குங்கள்... விடுங்கள். பிறகு இடது கை.

• மேல்கை: முழங்கையை மடக்கி, 'பலம் பார்' என்று காட்டுவது போல் இறுக்குங்கள்... விடுங்கள்.

• முகம்: புருவத்தை உயர்த்துங்கள்... விடுங்கள். கண்ணை இறுக்கி மூடுங்கள்... விடுங்கள். பல்லை லேசாகக் கடியுங்கள்... விடுங்கள். வாய் தானாகச் சற்றே திறந்திருக்கட்டும்.

• தோள்: காது வரை தூக்குங்கள்... பொத்தென்று விடுங்கள்.

• வயிறு: யாரோ குத்த வருவது போல் இறுக்குங்கள்... விடுங்கள்.

• தொடை: காலை நீட்டி, முழங்காலை விறைப்பாக்குங்கள்... விடுங்கள்.

• கெண்டைக்கால்: கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள்... விடுங்கள். எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டாம், குரக்களி பிடித்துக்கொள்ளும்.

முடித்ததும் இரண்டு நிமிடம் அப்படியே கிடங்கள். எழும்போது மெதுவாக எழுங்கள். அடிபட்ட இடம், ஆபரேஷன் ஆன இடம், முதுகு வலி இருந்தால் அந்தத் தசைகளை விட்டுவிடுங்கள்.

"இது நம்ம சவாசனம் மாதிரியில்ல இருக்கு?" என்று யோகா தெரிந்த அம்மாக்கள் கேட்பீர்கள். ஆமாம், நெருங்கின சொந்தம்தான்! மும்பை இதய மருத்துவர் கே.கே.தாத்தேயும் சகாக்களும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குச் சவாசனம் பழக்கி, கணிசமானவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்ததை 1969-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே சவாசனமோ, யோகநித்திரையோ பழகிய பிள்ளைகள் அதையே தொடரலாம்.

உட்கார்ந்து செய்வதுதான் பிடிக்கும் என்பவர்களுக்கு இன்னொரு வழி. அமைதியாக உட்கார்ந்து, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் மனசுக்குள் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வேறு நினைப்பு வந்தால் விரட்டாமல், திரும்ப அந்தச் சொல்லுக்கு வாருங்கள். ஹார்வர்டின் டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் 1975-ல் பிரபலப்படுத்திய முறை இது. முருகா, அல்லா, இயேசுவே... எதுவானாலும் சரி. சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் 'அமைதி' என்று சொல்லலாம். 10 முதல் 20 நிமிடம் போதும்.

பரீட்சை ஹாலில் ஒரு நிமிடம்

தினப் பயிற்சியின்போது, தசை நன்றாகத் தளர்ந்திருக்கும் நேரத்தில், ஒவ்வொரு வெளிமூச்சோடும் 'விடு' என்று மனசுக்குள் சொல்லிப் பழகுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்தச் சொல்லும் தளர்ச்சியும் ஒட்டிக்கொள்ளும். குக்கர் விசில் கேட்டதும் பசிப்பதில்லையா, அது மாதிரி!

இனி பரீட்சை நாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் கண் இருட்டுகிறது. 'ஒண்ணுமே தெரியலையே!'

கேள்வித்தாளைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படியட்டும். தோளைத் தூக்கி விடுங்கள். தாடையைத் தளர்த்துங்கள். நீளமாக ஐந்து வெளிமூச்சு, ஒவ்வொன்றுக்கும் 'விடு'. ஆச்சு, ஒரு நிமிடம். தாளைத் திருப்பி, தெரிந்த ஒரு இரண்டு மார்க் கேள்வியை முதலில் எழுதுங்கள்.

மறந்து போனது மாதிரி தோன்றுவது ஏன் தெரியுமா? மூளையில் உடனடி வேலைக்கு இருப்பது ஒரு சின்ன மேஜை. 'ஃபெயிலானா அப்பா என்ன சொல்வார், வேலை கிடைக்குமா' என்று கவலைக் காகிதங்களை அதன்மேல் பரப்பிவிட்டால், பாடத்தை எடுத்து வைக்க இடம் ஏது? படித்தது அலமாரியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. மேஜையைக் காலி செய்தால் வந்துவிடும்.

ஆனால் ஒன்று... அலமாரியில் எதுவுமே வைக்காமல் போனால் எந்த மூச்சும் மார்க் வாங்கித் தராது!

மாணவர்கள் கேட்கக்கூடிய சில சந்தேகங்கள்

"படிக்கவே நேரமில்லை. இதுக்கு எங்கே போக?"
காலை எழுந்ததும் மூச்சுக்கு 5 நிமிடம். படுக்கும் முன் தசைக்கு 15 நிமிடம். மொத்தம் 20 நிமிடம். அதே பக்கத்தை நான்கு முறை படித்தும் ஏறாமல் வீணாகும் நேரத்தைவிட இது குறைவுதான்.

"பண்ணும்போதே தூங்கிடறேனே?"
ராத்திரி என்றால் கொடுத்து வைத்தவர். தூங்குங்கள். பகலில் என்றால் உட்கார்ந்து செய்யுங்கள். அப்போதும் தூக்கம் வந்தால், தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். படித்தது மனசில் படிவதே தூக்கத்தில்தான். விடிய விடிய விழிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை.

"கண்ணை மூடினா படபடப்பு அதிகமாகுது!"
சிலருக்கு அப்படி ஆவதுண்டு. கண்ணைத் திறந்து வைத்தே செய்யுங்கள். அதுவும் ஒத்துவரவில்லையா? 20 நிமிடம் வேகமாக நடங்கள். உடம்பு ஓடத் தயாரானதை ஓடியே தீர்ப்பதும் ஒரு வழிதான்.

"காபி குடிச்சாதானே விழிப்பு?"
குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ராத்திரி 9 மணி காபி, 2 மணிக்கும் விழித்திருக்கும்! படபடப்பு உள்ளவர்கள் மதியத்துக்கு மேல் குறைத்துக்கொள்வது நல்லது.

"இதால என் அரியர் போயிடுமா?"
போகாது. பயிற்சி உடம்பைத்தான் இறக்கி வைக்கும். பிரச்னையை நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். மனசில் அரிக்கிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இன்று செய்ய முடிந்தது எது, கல்லூரியில் யாரையாவது கேட்க வேண்டியது எது, நம் கையில் இல்லாதது எது என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் பட்டியலில் ஒன்றை இன்றைக்கே முடியுங்கள். பரீட்சை காலையில் 'இந்தக் கேள்விதான் வரும்' என்று மொபைலில் குவியும் மெசேஜ்களை மட்டும் திறக்காதீர்கள், ப்ளீஸ்!

அம்மா, அப்பாவுக்கு ஒரு வார்த்தை

தயவுசெய்து, 'ரிலாக்ஸா இரு' என்று கட்டளை போடாதீர்கள். அதுவே இன்னொரு பரீட்சையாகிவிடும். 'வாடா, நானும் பழகறேன்' என்று பக்கத்தில் பாயை விரியுங்கள். உங்கள் தோளும் இறங்க வேண்டியதுதான்!

பரீட்சை எழுதி வந்ததும், 'எத்தனை மார்க் வரும்?' என்பதற்கு முன் 'சாப்பிட்டியா?' என்று கேளுங்கள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்குப் போன் செய்யும்போதும் இதே வரிசைதான். அத்தை பெண்ணோடும் எதிர்வீட்டுப் பையனோடும் ஒப்பிடுவதை மார்ச்சுவரை தள்ளிப் போடாதீர்கள்... ஒரேயடியாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கனமான விஷயம். எல்லா டென்ஷனும் மூச்சுப் பயிற்சியில் அடங்கிவிடாது. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோகம், தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, கல்லூரிக்கே போகாமல் இருப்பது, குடி அல்லது போதைப் பழக்கம் என்று தெரிந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். திடீர் நெஞ்சு வலி, மயக்கம் என்றாலும் 'டென்ஷன்தான்' என்று நாமே முடிவு கட்டக்கூடாது.

'நான் இருந்து என்ன பிரயோஜனம்', 'உங்களுக்கெல்லாம் பாரம்' என்கிற மாதிரி பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவ, மாணவியர் 13,000-க்கும் மேல். 'செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?' என்று நேராகவே, அன்பாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உள்ளே இருந்தால் சொல்ல ஒரு வாசல் திறக்கும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திட்டாமல், அறிவுரை சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள். அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

14416 என்ற எண்ணில் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளைகளே பேசலாம், பெற்றோரும் பேசலாம். ஜுரத்துக்கு டாக்டரைப் பார்ப்பதில் என்ன வெட்கம்? இதிலும் அவ்வளவுதான்.

மற்றபடி, செமஸ்டருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதா? ரொம்ப நல்ல நேரம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆனதும் டிவியை அணையுங்கள், மொபைலை அலமாரியில் வையுங்கள், பாயை விரியுங்கள். முதல் நாள் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நாலாம் நாள், 'அட, தோள் இறங்கியிருக்கே!' என்று தோன்றும். அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்!